இழுத்தால் வராத நூல்

“ஏம்மா, உங்க சட்டம் என்னைப் பிடிக்குமா?”

விசாரணைக்கு முந்தின நாள், டீ வேளையில், ஊசி அக்கா என் மேசைக்கு முன்னால் வந்து நின்று இப்படித்தான் ஆரம்பித்தார். உட்காரச் சொன்னேன். சட்டப் பிரிவு நாற்காலிகளைப் பார்த்தாலே முதுகு வலிக்கிறது என்று நின்றுகொண்டே பேசினார்.

“எந்தச் சட்டம் அக்கா?”

“பட்டாளத்துச் சட்டம்தான். அலமாரி நிறைய அடுக்கி வச்சிருக்கியே, தூசிகூடத் தட்டாம. அதுல எங்கயாவது தையல்காரி ஜெயிலுக்குப் போகணும்னு இருக்கா?”

“நீங்க சிப்பாய் இல்ல. அது உங்களைப் பிடிக்காது. பட்டாளத்தோட சேர்ந்து சண்டை நடக்கிற இடத்துக்குப் போனா மட்டும் சிவிலியனையும் பிடிக்கும்.”

“இங்க எங்க சண்டை நடக்குது? மெஸ்ல முட்டைக்கு அடிச்சுக்கிறானுங்களே, அது சேர்த்தியா?”

“சேர்த்தி இல்ல.”

“அப்ப என்னை என்னதான் பண்ண முடியும்?”

“காண்ட்ராக்டை ரத்து பண்ணலாம். கேட் பாஸைத் திருப்பி வாங்கிக்கலாம். திருடியிருந்தா போலீஸ்ல ஒப்படைக்கலாம்.”

“நூலைக் கெட்டியாப் போட்டதுக்கு?”

“அதுக்குப் பிரிவு எதுவும் இல்ல.”

“தேடிப் பாத்துச் சொல்றியா, இல்ல நான் சீக்கிரம் கிளம்பட்டும்னு சொல்றியா?”

“காலையிலேயே தேடிட்டேன் அக்கா.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “பரவாயில்லையே. வாய் இருக்கிறதே தெரியாம இருக்கிற பொண்ணு, கண்ணை வச்சுக்கிட்டு எல்லா வேலையும் பண்ணியிருக்கு. சரி, அந்த நெட்டைப் பயலைப் பிடிக்குமா உங்க சட்டம்?”

“அவரை நல்லாவே பிடிக்கும். ரெண்டு வருஷம் வரைக்கும் உள்ளே போடலாம். வேலையும் போயிடும்.”

“போகட்டும். பையைக் கடிச்ச வாய்க்குக் கம்பியைக் கொடுங்க, அதையும் கடிச்சுப் பாக்கட்டும்.”

சொல்லிவிட்டு என் டீயை எடுத்துக் குடித்தார். சர்க்கரை போதவில்லை என்று குறை சொன்னார். காலி தம்ளரை என் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

நெட்டை என்பவன் வெடிமருந்துக் கிடங்கின் பின்வாசலில் காவல் நிற்கும் சென்ட்ரி. ஊசி அக்காவின் மகள் அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒரு வருஷமாகப் பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டாலே அக்காவுக்கு ஆகாது. உடம்பு வளர்ந்த அளவுக்கு வேறெதுவும் வளரவில்லை என்பார். அவன் ஜெயிலுக்குப் போனால் சந்தோஷப்படப்போகிற முதல் ஆள் அவர்தான் என்று முகாமே பேசிக்கொண்டது. மறுநாள் அவர் சொல்லப்போகிற சாட்சியத்தைப் பொறுத்துத்தான் அவன் உள்ளேயா வெளியேயா என்பது இருந்தது.

அக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது தொழிலால் என்று புதிதாக மாற்றலாகி வருகிறவர்கள் நினைப்பார்கள். அளவு கொடுக்க ஐந்து நிமிஷம் அவர் முன்னால் நின்றபிறகு சந்தேகம் தீர்ந்துவிடும். புதிதாக ஒரு நட்சத்திரம் ஏறிய அதிகாரி சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தால், “தோள்ல தச்சுடறேன் சார். தலையில எதாவது ஏறியிருந்தா அதை நீங்களே பாத்துக்குங்க” என்பார். அதிகாரிகளில் பாதிப் பேருக்கு அவர் பேச்சு புரியாது. சிரித்துக்கொண்டே போவார்கள். புரிந்தவர்கள் அதற்குப் பிறகு சட்டையை ஆர்டர்லியிடம் கொடுத்தனுப்புவார்கள்.

தையலறை ஸ்டோருக்குப் பின்னால், பேட்டரி அறைக்கும் பூட்ஸ் ரிப்பேர் அறைக்கும் நடுவில் இருந்தது. ஒரு பக்கத்திலிருந்து ஆசிட் நெடியும் இன்னொரு பக்கத்திலிருந்து பாலிஷ் நெடியும் வந்து அவர் மேசைமேல் சந்தித்துக்கொள்ளும். கறுப்பு மிஷினில் இருந்த தங்கப் பூ வேலைப்பாடு கை படுகிற இடமெல்லாம் அழிந்து, கை படாத ஒரு மூலையில் மட்டும் பளிச்சென்று இருக்கும். ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியே பார்த்தால் பின்பக்க முள்வேலியும், வேலியில் ஒரு ஓட்டையும் தெரியும்.

அந்த முகாமுக்கு அவர் முதலில் வந்தது கொசுவலை தைக்க. ஒரு மழைக்காலத்துக்கு மட்டும் என்று சொல்லி எடுத்தார்கள். கொசு போகவில்லை, அவரும் போகவில்லை. அவருடைய கணவர் அங்கேயே லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் லாரியை ஷெட்டில் நிறுத்திவிட்டு, வேறொரு பெண்ணோடு பஸ் ஏறிப் போய்விட்டார். இதை யாரும் அக்காவிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை, அவரே சொல்லுவார். “ஓடிப்போன அன்னைக்கு அவன் போட்டிருந்த பேன்ட் நான் தச்சது. அதனாலதான் அவ்வளவு தூரம் ஓட முடிஞ்சது. வேற எவளாவது தச்சிருந்தா தெருமுனையிலயே கிழிஞ்சு திரும்பி வந்திருப்பான்.” தன் தையலைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் அத்தனை. அந்தக் கர்வம்தான் இந்தக் கதையின் நடுவே வந்து நிற்கிறது.

கிடங்கைக் காவல் காக்கும் சென்ட்ரியிடம் துப்பாக்கி இருக்கும். தோட்டா துப்பாக்கிக்குள் இருக்காது. தோட்டாக்களை ஒரு கேன்வாஸ் பையில் போட்டு, வாயைத் தைத்து, ஈய முத்திரை வைத்து, இடுப்பு பெல்ட்டில் மாட்டிவிடுவார்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் தோட்டாக்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், பையை எண்ணினால் போதும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஒரு காலத்தில் ஒரே ஒரு தோட்டா காணாமல் போய், முகாம் முழுக்கப் பாயைச் சுருட்டி, சாக்கடையைத் தோண்டி, கடைசியில் அது ஒரு சார்ஜன்ட்டின் சாவிக்கொத்தில் அலங்காரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது தெரிந்ததாம். அதற்குப் பிறகு அந்த முகாமில் எதிரியைவிடத் தோட்டா எண்ணிக்கைக்குத்தான் எல்லாரும் பயந்தார்கள்.

பையை எப்படித் தைக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருப்பார்களே, ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் மடமடவென்று பிரிந்து வருமே, அந்தத் தையல். ஆபத்து வந்தால் சென்ட்ரி ஒரு இழுப்பில் பையைத் திறந்துவிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் அந்தத் தையல் ஆபத்து வரும்வரை காத்திருக்கவில்லை. உட்கார்ந்தால் பிரிந்தது, குனிந்தால் பிரிந்தது, சும்மா நிற்கிற ஆள் பொழுதுபோகாமல் நூலைத் திருகினாலும் பிரிந்தது. ஒவ்வொரு தடவை பிரியும்போதும் ஸ்டோர் கேப்டன் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. அவருக்கு எழுத்து வேலை பிடிக்காது. மதியத் தூக்கம் பிடிக்கும்.

ஒருநாள் அவர் ஒரு கூடை பைகளோடு தையலறைக்கு வந்தார். அன்று நடந்ததை அக்கா எனக்குப் பலமுறை நடித்தே காட்டியிருக்கிறார்.

“இனிமே இழுத்தா வரக்கூடாது” என்றாராம் கேப்டன்.

“வரக்கூடாதுன்னா எப்படி சார்? இழுத்தா வரணும்னுதானே சார் இதுவரைக்கும் சொன்னீங்க?”

“அதெல்லாம் பழசு. செருப்புத் தைக்கிற மெழுகு நூல் வாங்கிக்க. ரெட்டைத் தையல் போடு.”

“அப்புறம் சுடணும்னா என்ன பண்ணுவானுங்க?”

கேப்டன் சிரித்தாராம். “யாரு சுடப் போறாங்க?”

அக்கா தைத்தார். தன் கணவரின் பேன்ட்டை எப்படித் தைத்தாரோ அப்படியே தைத்தார். அதற்குப் பிறகு ஒரு பைகூடப் பிரியவில்லை. கேப்டன் நிம்மதியாகத் தூங்கினார். வருடாந்தர ஆய்வுக்கு வந்தவர்கள் பைகளை எண்ணி, முத்திரைகளைத் தடவிப் பார்த்து, ‘மிக நன்று’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். பூட்டிய கதவைப் பாராட்டினார்கள், சாவி இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

சென்ட்ரியின் சட்டைப் பையில் ஒரு அட்டை இருக்கும். பலத்தை எப்போது, எவ்வளவு பயன்படுத்தலாம் என்று அதில் இருக்கும். முதலில் சத்தம் போட்டுத் தடுக்கப் பார். மூன்று முறை நில் என்று சொல். கையால் முடிந்தால் கையோடு நிறுத்து. தேவைக்கு மேல் ஒரு துளி பலமும் கூடாது. யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால், வேறு வழியே இல்லை என்றால் மட்டும் சுடு. இது அட்டை. வேலியில் ஒரு பலகை தொங்குகிறது. அதில் ‘அத்துமீறி நுழைவோர் சுடப்படுவர்’ என்று மட்டும் இருக்கிறது. அட்டையை எழுதியவரும் பலகையை எழுதியவரும் வாழ்க்கையில் ஒருமுறைகூடச் சந்தித்திருக்க மாட்டார்கள். அட்டையையும் பலகையையும் மேலதிகாரிகளின் மொழியிலிருந்து எங்கள் மொழிக்கு மாற்றியது சட்டப் பிரிவுதான். இரண்டில் எது சரி என்று யாராவது கேட்பார்கள் என்று நான் காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

வேலி ஓட்டையின் வழியாக ஒருவர் தினமும் வந்து போய்க்கொண்டிருந்தார். பழைய இரும்பு, தகரம் பொறுக்கி விற்பவர். பிறவியிலேயே காது கேட்காது. படிக்கவும் தெரியாது. எல்லாரும் அவரைத் தகரம் என்றே கூப்பிடுவார்கள். கூப்பிடுவது அவருக்குக் கேட்காது என்பதால் அவர் கோபித்துக்கொண்டதும் இல்லை. தையலறை ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றால் அக்கா வெட்டுத் துணிகளைச் சுருட்டி அவர்மேல் எறிவார். “பிடி, உனக்குப் பட்டு” என்பார். அவர் பல் தெரியச் சிரித்துவிட்டு வாங்கிக்கொள்வார். வழக்கமாக அவர் கிடங்குப் பக்கம் போவதில்லை.

அன்று சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. கிடங்கின் பின்சுவர் ஓரம், பழைய தோட்டாப் பெட்டி ஒன்றின் தகர மூடி துருப்பிடித்துக் கிடந்தது. தகரம் அதைப் பார்த்துவிட்டார். வேலியைத் தாண்டி, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, நேராக அதை நோக்கி நடந்தார்.

நெட்டை அட்டைப்படி நடந்தான். நில் என்று கத்தினான். மறுபடி கத்தினான். மூன்றாவது தடவை கத்தியது ஸ்டோர்வரை கேட்டது, கேட்க வேண்டியவருக்குத்தான் கேட்கவில்லை. சாக்கு முகத்தை மறைத்ததால் வந்தது யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் பையின் நூலைப் பிடித்து இழுத்தான். நூல் வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, பையைப் பெல்ட்டிலிருந்து கழற்றி வாயில் கொடுத்துக் கடித்தான். முன்பல் பாதி உடைந்தது. நூல் அப்படியே இருந்தது.

தகரம் மூடியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினார். வாயில் ரத்தத்தோடு ஒரு சிப்பாய் கேன்வாஸ் பையைத் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். பரிதாபமாக இருந்திருக்க வேண்டும். மடியிலிருந்து பாதி ரொட்டியை எடுத்து நீட்டினார். சாக்கு விலகி முகம் தெரிந்ததும் நெட்டை அப்படியே உட்கார்ந்துவிட்டான். அந்த நேரம் பார்த்துத்தான் ரோந்து வந்த அதிகாரி திருப்பத்தில் வந்து நின்றார். அவர் கண்ணில் பட்டது இவ்வளவுதான்: காவலன் உட்கார்ந்திருக்கிறான், அத்துமீறியவர் ரொட்டி கொடுக்கிறார், அரசாங்கச் சொத்து வேலி தாண்டிப் போகிறது.

நெட்டை மேல் குற்றச்சாட்டு தயாரானது. காவலிடத்தைக் காக்க அனுமதிக்கப்பட்ட பலத்தைப் பயன்படுத்தத் தவறினான்.

விசாரணை முகாமின் பொழுதுபோக்கு அறையில் நடந்தது. டேபிள் டென்னிஸ் மேசையின் வலையைக் கழற்றிவிட்டு அதன்மேல் பச்சைத் துணி விரித்திருந்தார்கள். வலை மாட்டும் கொக்கிகள் இரண்டு பக்கமும் துணியைத் தூக்கிக்கொண்டு நின்றன. நடுவில் வெளியூரிலிருந்து வந்த சட்ட மேஜர். பக்கத்தில் இன்னும் இரண்டு அதிகாரிகள். அவர்கள் வாய் திறந்தது டீ வந்தபோது மட்டும். மேஜருக்கு எங்கள் மொழி தெரியாது. அவர் கேட்பதை இந்தப் பக்கமும், இவர்கள் சொல்வதை அந்தப் பக்கமும் மாற்றிச் சொல்வது என் வேலை. சாட்சிகள் வெளியே வராந்தாவில், ஜன்னலுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் திறந்தே இருந்தது.

காலை முழுவதும் ஒரே விவாதம். துருப்பிடித்த மூடி படைக்கலப் பொருளா, வெறும் பழைய இரும்பா? பெட்டியோடு இருந்தால் படைக்கலம், தனியாகக் கிடந்தால் குப்பை என்றார் ஸ்டோர் கேப்டன். குப்பை என்று எழுத்தில் அறிவிக்கும்வரை அது குப்பை ஆகாது என்றார் மேஜர். மூடியைச் சாட்சிப் பொருளாக மேசைமேல் வைத்திருந்தார்கள். அதிலிருந்து துரு உதிர்ந்து பச்சைத் துணியில் விழுந்துகொண்டிருந்தது. மூடியை எடுத்தவர் உயிரோடு இருப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த அறையில் அது ஒரு குறைபாடாக மட்டுமே கணக்கில் வந்தது.

பிறகு நெட்டையைக் கூப்பிட்டார்கள். அட்டையில் உள்ளதைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னான். உடைந்த பல் வழியாகக் காற்று போனதால் விதிகள் விசில் அடித்தன.

“பலம் தேவை என்று நீ முடிவு செய்தாயா?” என்று மேஜர் கேட்டார்.

ஆமாம் என்றால், ஏன் சுடவில்லை. இல்லை என்றால், ஏன் பையைக் கடித்தாய். எந்தப் பக்கம் போனாலும் குழி இருக்கிற மாதிரிக் கேள்வியை வெட்டி வைப்பதற்கு நிறையப் படித்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

நெட்டை விறைப்பாக நின்றபடியே சொன்னான்: “தெரியலீங்க சார். பயமா இருந்துச்சு.”

“எதற்குப் பயம்? பை பிரியவில்லையே என்றா?”

“இல்லீங்க சார். பிரிஞ்சிடுமோன்னு.”

நான் அதை அப்படியே மாற்றிச் சொன்னேன். மேஜர் பென்சிலைக் கீழே வைத்தார். இன்னொரு முறை கேட்கச் சொன்னார். கேட்டேன். நெட்டை அதையே இன்னொரு முறை சொன்னான். பதில் தெளிவாக இல்லை என்று குறித்துக்கொண்டார்கள்.

வெளியே பெஞ்சில், அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து, ஜன்னல் கம்பி வழியாக அவனைத் திரும்பிப் பார்த்தார். சட்டைக்கு அளவெடுக்கும்போது பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை.

அவர் முறை வந்தது. உள்ளே வந்ததும் மேசையைப் பார்த்தார். “விளையாட்டு முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?” என்று என்னிடம் கேட்டார். சாட்சி வணக்கம் சொல்வதாக மேஜரிடம் சொன்னேன்.

“இந்தப் பையைத் தைத்தது நீங்களா?”

“பாத்தா தெரியலையா? இந்த ஊர்ல வேற யாருக்கு இப்படித் தைக்க வரும்?”

“விதிப்படி இழுத்தால் பிரியும் தையல் போட வேண்டும். இதை ஏன் இப்படித் தைத்தீர்கள்?”

“ஸ்டோர் கேப்டன் சொன்னாரு. இழுத்தா வரக்கூடாதுன்னாரு.”

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டோர் கேப்டன் எழுந்தார். தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். விதிக்கு மாறாக ஒரு உத்தரவைத் தான் கனவில்கூடக் கொடுத்ததில்லை என்றார். தூங்குகிற நேரத்தை வைத்துப் பார்த்தால் கனவில் அவர் கொடுத்த உத்தரவுகள் நிறைய இருக்க வேண்டும்.

“உத்தரவு எழுத்தில் இருக்கிறதா?” என்று மேஜர் அக்காவிடம் கேட்டார்.

“அவரு வாயிலதான் இருந்துச்சு. இப்ப முழுங்கிட்டாரு.”

“யாராவது கேட்டார்களா?”

“மிஷின் கேட்டுச்சு. கூப்பிடட்டுமா?”

சாட்சி இல்லை என்று மாற்றிச் சொன்னேன். மேஜர் பக்கங்களைப் புரட்டினார். பையைத் தைத்தது யார் பேச்சைக் கேட்டு என்பது நிரூபணமாகாவிட்டால், பழுதுக்கு யாரும் பொறுப்பாக மாட்டார்கள். யாரும் பொறுப்பில்லாத பழுதை மேலிடம் ஏற்காது. அப்படியானால் பையில் பழுதே இல்லை, சென்ட்ரி போதிய முயற்சி செய்யவில்லை என்றுதான் எழுத வேண்டிவரும். இதை அவர் சலிப்போடுதான் சொன்னார். நான் அதை அக்காவுக்குச் சொன்னேன்.

அக்கா கேப்டனைப் பார்த்தார். நெட்டையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, “நேத்து சொன்னியே, பிரிவு எதுவும் இல்லேன்னு. நிச்சயந்தானே?” என்று கேட்டார்.

“நிச்சயம் அக்கா.”

“அப்படின்னா முன்னால சொன்னதை அடிச்சிடச் சொல்லு. கேப்டன் ஐயா தங்கமான மனுஷன், வாயே திறக்கல. நானாத்தான் தச்சேன்.”

மாற்றிச் சொன்னேன். அறையே மூச்சு விட்டது. ஸ்டோர் கேப்டன் உட்கார்ந்துவிட்டார். இரண்டு அதிகாரிகளும் முதல்முறையாகத் தலையாட்டினார்கள். எல்லாருக்கும் பிடித்தமான குற்றவாளி கிடைத்துவிட்டார். சீருடை இல்லாதவர், பதவி இல்லாதவர், படையின் நற்பெயருக்குள் வராதவர்.

“ஏன் அப்படிச் செய்தீர்கள்?” என்றார் மேஜர்.

“கொழுப்பு. கொழுப்புன்னே எழுதிக்கச் சொல்லு.”

‘சொந்த முடிவின் பேரில்’ என்று மாற்றிச் சொன்னேன்.

“இப்ப நான் ஒண்ணு கேக்கறேன், அதையும் மாத்திச் சொல்லும்மா. நூல் பிரிஞ்சிருந்தா தகரம் செத்திருப்பான். ஒரு தகர மூடிக்காக. அப்ப இந்த மேசைக்கு முன்னால யாரை நிக்க வச்சிருப்பீங்க?”

மேஜர் கேள்வியைக் கவனமாகக் கேட்டார். அட்டையை எடுத்து ஒருமுறை பார்த்தார். உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டும் என்ற வரி அவர் கண்ணில் பட்டிருக்கும். அட்டையை மறுபடி கோப்புக்குள் வைத்தார். அது இந்த விசாரணையின் வரம்புக்கு வெளியே இருக்கிறது என்றார்.

“வரம்புக்கு வெளியவா?” என்றார் அக்கா. “தகரமும் வேலிக்கு வெளியதானே இருந்தான்? அவனை உள்ள விட்டீங்கல்ல, இதையும் விடுங்களேன்.”

அதை மாற்றிச் சொல்வதற்குள் மேஜர் எழுந்துவிட்டார். சாப்பாட்டு நேரம்.

முடிவு இப்படி வந்தது. சிவிலியன் தையல்காரி விதிக்கு மாறாகத் தைத்ததால் பை பழுதானது. பழுதான பையால் சென்ட்ரி பலத்தைப் பயன்படுத்த இயலாமல் போனான். எனவே அவன்மீது குற்றம் இல்லை. தையல்காரியின் காண்ட்ராக்ட் ரத்து. வேலியைப் பற்றி அறிக்கையில் ஒரு வார்த்தை இல்லை.

நெட்டை உடைந்த பல்லைக் கட்டித் தரும்படி படை மருத்துவமனைக்கு விண்ணப்பித்தான். பலத்தைப் பயன்படுத்தும்போது ஏற்பட்ட காயத்துக்குத்தான் இலவச சிகிச்சை, இந்த நிகழ்வில் பலம் பயன்படுத்தப்படவில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலை மொழிபெயர்த்ததும் நான்தான். அவன் அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறான். வாசலிலேயே நிறுத்திவைத்து, “முதல்ல பல்லைக் கட்டிக்கிட்டு வா. கல்யாண போட்டோவுல ஓட்டையா தெரியக் கூடாது” என்றாராம். சம்மதம் என்று அதற்குப் பெயர் என்று மகள்தான் அவனுக்கு விளக்கியிருக்கிறாள்.

புதிய பைகள் ஊருக்குள் ஒரு கடையிலிருந்து தைத்து வந்தன. இழுத்தால் வரும் தையல். மைதானத்தில் ஸ்டோர் கேப்டனே நின்று ஒவ்வொரு சென்ட்ரிக்கும் பயிற்சி கொடுத்தார். மூன்று முறை நில் என்று சொல், நூலை இழு, தோட்டாவைப் போடு, குறிபார். யார் வேகமாகச் செய்கிறார்கள் என்று போட்டி வைத்தார்கள். ஜெயித்தவனுக்குக் கைதட்டினார்கள். அட்டையில் இருந்த மற்ற வரிகளுக்குப் போட்டி எதுவும் வைக்கவில்லை. விளக்கம் எழுத வேண்டிய தொல்லை இனி வேறொருவருக்கு. கேப்டனுக்கு இடமாற்றமும் பதவி உயர்வும் ஒன்றாக வந்திருந்தன. அந்த நட்சத்திரத்தை யார் தைத்துக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

அக்கா மிஷினை எடுத்துப்போக வந்த அன்று, கேட் பாஸைத் திருப்பி வாங்கிக் கையெழுத்துப் போட என்னை அனுப்பினார்கள். மிஷின் கைவண்டியில் கட்டப்பட்டிருந்தது, தங்கப் பூ மிச்சமிருக்கும் மூலை வெளியே தெரிய. கேட்டில் நின்ற சென்ட்ரியின் இடுப்பில் புதிய பை தொங்கியது. அக்கா அவனிடம் கேட்காமலேயே நூலின் நுனியை விரலால் தொட்டுப் பார்த்தார். அவன் பதறி விலகினான்.

“தொட்டாலே வந்துடும்போல இருக்கே” என்றார். பாஸை என் கையில் வைத்துவிட்டு என்னைச் சுவரோரமாக அழைத்துப் போனார்.

“ஜன்னல்ல நான் இருந்தவரைக்கும் அந்த வேலி ஓட்டை இருந்தா என்ன, அடைச்சா என்ன. இந்தப் பயலுக இடுப்புல இருந்ததை எவனும் திறக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். இப்ப தெரியாது. தகரம் நேத்தும் வந்திருக்கான். ஜன்னல் கீழ நின்னு பாத்துட்டுப் போனானாம். அவனுக்குச் சொல்லவும் முடியாது, எழுதிக் காட்டவும் முடியாது. வெளிய பாக்கும்போது நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னா, துணி தரப் போறேன்னு சிரிக்கிறான்.” கைவண்டிக்காரர் கிளம்பலாமா என்று கேட்டார். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “உனக்கு ரெண்டு பாஷையிலயும் எழுத வரும். அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி ஒண்ணு எழுதிப் போடும்மா. கொஞ்சம் கம்பி இருந்தாப் போதும். ஆனா, ஒரு மனுஷன் செத்துடுவான்னு எழுதாத, ஓரமாத் தூக்கிப் போட்டுடுவானுங்க. தகரம் திருட்டுப் போகுதுன்னு எழுது.”